முகத்தை மருந்துக்கடையில் ஒப்படைக்காதீர்கள்

(மைசூரில் தமிழ் அன்பர்கள் கூடிய நிகழ்ச்சியில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘அன்றாடத் தோல் பராமரிப்பும் முகப்பரு சிகிச்சையும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். முன்வரிசைகளில் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள்; பின்னால் உங்கள் அம்மாக்கள், அப்பாக்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசப் போகிறேன். பிள்ளைக்குப் பரு வந்தால் முதல் வைத்தியம் வீட்டு அடுக்களையில் நடக்கிறது. இரண்டாவது வைத்தியம் மருந்துக்கடையில். எங்களிடம் வந்து சேர்வதற்குள் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஓடிவிடுகின்றன. இன்று எனக்கு அதிகம் சொல்ல இருப்பது அந்த இரண்டாவது இடத்தைப் பற்றித்தான். அதற்கு முன்னால் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

மைசூரில் நின்று தோலைப் பற்றிப் பேசுகிறவன் சந்தனத்தைத் தொடாமல் போக முடியாது. முதல் உலகப் போரால் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக் கட்டை தேங்கிப்போனது. அந்தக் கட்டையிலிருந்து நாமே எண்ணெய் எடுப்போம் என்று நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் 1916-இல் இந்த ஊரில் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். மானந்தவாடி சாலையில் இன்றும் அது இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பெங்களூரில் சோப்புத் தயாரிப்பு தொடங்கியது. சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற வேதியியலறிஞர் இங்கிலாந்து சென்று சோப்புத் தொழில் கற்று வந்து அதற்கு உயிர் கொடுத்தார். 2006-இல் மைசூர் சாண்டல் சோப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் திரும்பும்போது பையில் இரண்டு பெட்டி சோப்பு இருக்கும். எனக்கும் அதில் பெருமை உண்டு.

ஆனால் எத்தனை நல்ல சோப்பும் அழுக்கைத்தான் எடுக்கும், பருவை எடுக்காது. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் கணக்கில் சுமார் 5. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் சாதாரண சோப்பு எதுவானாலும் அதன் பிஎச் 9, 10 வரை போகும். உடம்புக்கு அது பெரிய குறையில்லை. பரு உள்ள முகத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தேய்த்தால் தோல் வறண்டு, எரிந்து, சிவந்துபோகும். எண்ணெய் வழிகிறதே என்று மறுபடி தேய்ப்பார்கள். பரு அழுக்கால் வருகிறது என்ற எண்ணம் நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முகம் கழுவாததால் பரு வந்தது என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோரை வாரந்தோறும் பார்க்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை உங்களைவிட அதிக முறை முகம் கழுவுகிறது.

சரி, பரு எப்படித்தான் வருகிறது?

முகத்தில் கண்ணுக்கே தெரியாத பூனைமுடிகள் இருக்கின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் கூடத் தொடங்குகிறது. சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகம் விடுகிறது. அதே சமயம் முடித்துளையின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, துளையின் வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற நுண்ணுயிர், அது நம் எல்லோர் தோலிலும் குடியிருப்பதுதான், அந்தத் தேக்கத்தில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. எண்ணெய், அடைப்பு, நுண்ணுயிர், அழற்சி என்ற இந்த நான்கும் சேர்ந்ததுதான் பரு. மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியைப் பார்த்து அழுக்கு என்கிறோம். அதன் கருமை அழுக்கினால் வந்ததல்ல. திறந்த துளையில் இருக்கும் மெலனின் நிறமியும் காற்றுப் பட்ட கொழுப்பும்தான் அப்படித் தெரிகின்றன.

இதில் ஒரு செய்தியை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்று காலை கன்னத்தில் எழும்பிய பருவுக்கான அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டது. ஆகையால் எந்த நேர்மையான மருந்தும் பருவை மூன்று நாளில் ஒழிக்காது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதற்குத்தான் வரப்போகிறேன்.

பரு உலகம் முழுவதும் இருக்கிறது. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் உலக மக்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல் பரு இருக்கும் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு 2010-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. பழங்காலத்துக்கும் இது தெரிந்திருந்தது. சுசுருத சம்ஹிதை இதை இளம் வயதினரின் முகத்தில் இலவ மரத்து முள்போல எழும்பும் கொப்புளம் என்றே வர்ணித்து, சிறு நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இளமைக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கண்ணாலேயே கண்டுகொண்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத நோயாளியே இல்லை. “மைசூர்பாகு சாப்பிடலாமா டாக்டர்?” என்று இந்த ஊரில் கேட்காமல் வேறு எங்கே கேட்பார்கள்? நெய் சாப்பிட்டால் அது முகத்தில் எண்ணெயாக வழியாது. உடம்பில் அப்படி ஒரு குழாய் இணைப்பு இல்லை. ஆனால் சர்க்கரையையும் மைதாவையும் விஷயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றுகிறது. அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிறது. பப்புவா நியூகினியில் கிட்டாவா என்ற தீவில் கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் உண்டு வாழும் 1,200 பேரைப் பரிசோதித்து, ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. அது முழுக்கச் சாப்பாட்டால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பரம்பரைக்கும் பங்கு இருக்கும். பண்டிகைக்கு இரண்டு துண்டு மைசூர்பாகு சாப்பிடுங்கள். தினமும் குளிர்பானம், பேக்கரி பன் என்று இருப்பதைக் குறையுங்கள். ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்கிறேன்: டப்பாவில் விற்கிற வே புரதம் பலருக்குப் பருவைக் கிளப்பிவிடுகிறது. முதுகிலும் தோளிலும் திடீரென்று பரு பொங்கினால் முதலில் அந்த டப்பாவை நிறுத்திப் பாருங்கள். அதோடு தசை வளரும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது தலை எண்ணெய். நம் பெண்பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிப் பூ வைத்துப் போகிறார்கள், பார்க்க அழகு. வெயில் ஏற ஏற அந்த எண்ணெய் நெற்றிக்கு இறங்குகிறது. நெற்றி விளிம்பில், மயிர்க்கோட்டை ஒட்டி, மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் எழும்பும். அமெரிக்காவில் தலைப்பூச்சு பயன்படுத்தியவர்களிடம் இதே வகைப் பருவைக் கண்டு 1970-இல் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லி உங்கள் பாட்டியிடம் பேச்சு வாங்க எனக்கு விருப்பமில்லை. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள், பிறகு அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு தூங்கினால் தலையணை உறையே கன்னத்தில் எண்ணெய் பூசிவிடும். அதுபோல, ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் வார் உரசும் தாடையில் பரு வரும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்! அந்த வாரையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் அடிக்கடி துவைத்துக் காயவையுங்கள்.

வீட்டு வைத்தியத்தை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். பயத்தமாவு போட்டு முகம் கழுவினால் பாதகமில்லை, தேய்க்காத வரைக்கும். சந்தனம் அரைத்துப் பூசினால் குளிர்ச்சி கிடைக்கும், எரிச்சல் அடங்கும். ஆனால் துளைக்குள் இருக்கும் அடைப்பை அது திறக்காது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அது பூசிய முகத்தோடு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் கறை நிற்கும். பருவின் மேல் பற்பசை வைப்பவர்கள் இருக்கிறார்கள். பரு போன இடத்தில் தீப்புண் தழும்போடு வருகிறார்கள். நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் பத்து நாளில் ஆறியிருக்கும் பருவை வாழ்நாள் பள்ளமாக மாற்றும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரி மாணவி வந்தாள் என்று வையுங்கள். இது ஒருத்தியின் கதையல்ல. இந்தியாவில் தோல் மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. இரண்டு கன்னமும் செங்கல் நிறத்தில் சிவந்திருக்கின்றன. கிட்டத்தில் பார்த்தால் நூல்நூலாக இரத்த நாளங்கள் தெரிகின்றன. மேலுதட்டிலும் தாடையோரத்திலும் மெல்லிய முடி வளர்ந்திருக்கிறது. ஒரே அளவில், ஒரே மாதிரி, நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பருக்கள். வெயில் பட்டாலும் அடுப்புப் பக்கம் போனாலும் முகம் எரிகிறது என்கிறாள். என்ன போடுகிறாய் என்று கேட்டால், “சாதாரண கிரீம்தான் டாக்டர்” என்பாள். கைப்பையிலிருந்து ஒரு டியூப் வெளியே வரும். அடிப்பக்கத்தை மடித்து மடித்து உருட்டி, கடைசித் துளி வரைக்கும் பிதுக்கியிருப்பாள். பேர் தேய்ந்துபோயிருக்கும். யார் எழுதிக் கொடுத்தார்கள்? யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கடையில் பரு என்று சொன்னாள், கொடுத்தார்கள். அல்லது அக்காவுக்குப் பலித்தது, அதனால் இவளும் வாங்கினாள்.

அந்த டியூபில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டைப் பழிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தோலில் பூசிக் குணம் கண்டார்கள். அதற்குப் பிறகு தோல் மருத்துவமே மாறியது. எக்சிமா, சொரியாசிஸ் என்று எத்தனையோ பேரின் அரிப்பையும் வேதனையையும் அது தீர்த்திருக்கிறது. நானே தினமும் எழுதுகிறேன். சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சரியான நாள்கணக்கில் போட்டால் அது அருமருந்து. பரு உள்ள முகத்தில் மாதக்கணக்கில் பூசுவது அந்த மூன்றிலும் சேராது.

ஏன் இது இவ்வளவு ஏமாற்றுகிறது என்று கேளுங்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், இரத்த நாளத்தைச் சுருக்கும். ஆகையால் இரண்டு மூன்று நாளில் பருவின் சிவப்பு மறைகிறது. முகம் வெளுத்தாற்போல் தெரிகிறது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறாயே என்கிறார்கள். வாரங்கள் போகப் போகத் தோல் மெலிகிறது. துளை அடைப்பு தீரவில்லை. அதன் மேல் ஸ்டீராய்டே புதிதாக ஒரு வகைப் பருவை உண்டாக்குகிறது. நிறுத்தினால் சில நாளில் முகம் பழையதைவிட மோசமாகச் சிவந்து பொங்குகிறது. பயந்து மறுபடி பூசுகிறார்கள். உடனே அடங்குகிறது. ஆஹா, இந்த கிரீம்தான் நமக்கு ஏற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். நோயைக் கொடுத்ததும் அதே டியூப், தற்காலிகமாக அடக்குவதும் அதே டியூப். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்று தனிப் பெயரே சூட்ட வேண்டியதாயிற்று.

இது ஊகமல்ல. நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2011-இல் இந்திய தோல் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் பருவுக்காகவே பூசியிருந்தார். அதைவிட அதிகம் பேர் நிறம் வெளுக்கவும் பொதுவான முகக்கிரீமாகவும், ஆண்கள் சவரத்துக்குப் பிறகும் பூசியிருந்தார்கள். பத்தில் ஆறு பேர் மருத்துவர் அல்லாதவர் சொல்லி வாங்கியவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது. அந்தப் பக்கவிளைவுகளில் முதலிடம் எதற்கு? பருவுக்கு. பரு போக வேண்டும் என்று வாங்கிப் பூசியது பருவையே கொடுத்திருக்கிறது. இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

இன்னொரு கலவையும் இருக்கிறது. மங்குக்காக 1975-இல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் கலந்து ஒரு களிம்பைச் சொன்னார்கள். மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு, மங்கு உள்ள இடத்தில் மட்டும் போட வேண்டியது அது. அதே மாதிரிக் கலவை மொமெட்டசோன் சேர்த்து நம் நாட்டில் டியூப்களில் வந்தது. வெள்ளை நிறத்தின் மீது நமக்கிருக்கும் ஆசையைப் பிடித்துக்கொண்டு அது வீடுவீடாக நுழைந்துவிட்டது. நம் மாநிறத்தை நோயாக நினைக்கும் வரை இது ஓயாது என்பது என் கருத்து. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற பேரை 2020-இல் அந்த நிறுவனமே மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சு இன்னும் மாறவில்லை.

ஸ்டீராய்டுக் களிம்புகளின் தவறான பயன்பாட்டைத் தடுக்கவே தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் ஒரு பணிக்குழு அமைத்துப் பல ஆண்டு போராடியது. வெளிப்பூச்சு மருந்து என்ற பேரில் சட்டத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் இவை கடையில் கேட்டதும் கிடைத்தன. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்தது. பீட்டாமெத்தசோன் முதலிய சில அதற்கு முன்பே பட்டியலில் இருந்தாலும் பூச்சு மருந்து என்று விலக்குப் பெற்றுவந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது இன்றைய சட்டம். சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சீட்டு எங்கே என்று கேட்காத கடையும், நான் சீட்டு கொண்டு வருகிறேன் என்று சொல்லாத வாடிக்கையாளரும் இருக்கும் வரை அந்த மகிழ்ச்சி முழுமையாகாது.

ஆகவே டியூபைப் படிக்கப் பழகுங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் பார்க்க வேண்டாம். பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பேரைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், டெக்சாமெத்தசோன், ஃபுளூசினோலோன், குளோபெட்டசால் என்ற பேர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு விற்கும் பல கலவைக் களிம்புகளில், பூஞ்சை மருந்து, கிருமி மருந்து இவற்றோடு சேர்த்து இது ஒளிந்திருக்கும். லேபிளின் மேல் மூலையில் ஆர்எக்ஸ் என்ற குறி இருந்தால் அது சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய மருந்து. முகத்துக்கு எந்த டியூப் வாங்கினாலும் இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பருவுக்கு என்னதான் போடுவது?

வெண்புள்ளியும் கரும்புள்ளியும் அங்கங்கே சில சிவந்த பருவும் மட்டும் இருந்தால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் நல்ல தொடக்கம். இதுவும் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. துளையின் அடைப்பை உடைப்பதும், புதிய அடைப்பு சேராமல் பார்ப்பதும் இதன் வேலை. ஆகையால் பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காதீர்கள். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெலிதாகப் பூசுங்கள். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் வேண்டாம். இரவில் மட்டும்; முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முகம் நன்கு காய்ந்த பிறகு பூசினால் எரிச்சல் குறையும். முதல் சில வாரம் தோல் உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடினாற்போலவும் தெரியும். பாதிப்பேர் அங்கேதான் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது வேண்டாம்.

சீழ்ப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே போதும். சதவீதம் கூடக் கூட எரிச்சல்தான் கூடுகிறது, பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை. இதன் பெரிய குணம், இதற்கு எதிராக நுண்ணுயிர் பழகிக்கொள்வதில்லை. ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. பூசிய முகத்தைத் துடைத்தால் மெரூன் துண்டில் பிளீச் கொட்டி வெளுத்ததுபோல் திட்டுத்திட்டாகச் சாயம் போய்விடும். தலையணை உறையும் அப்படித்தான். வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசுவது தவறு. நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும், பிறகு மருந்தும் பலிக்காது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இந்த மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போகக் கூடாது.

கட்டிகட்டியாக வலிக்கும் பரு, குழி விழும் பரு, பரம்பரையாக வரும் கடும் பரு இவற்றுக்கு ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மேலே சொன்ன நான்கு காரணங்களையும் ஒருசேரத் தாக்கும் மருந்து இது ஒன்றுதான். எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைத் தழும்பிலிருந்து இது காப்பாற்றியிருக்கிறது. உதடு வெடிக்கும், தோல் வறளும். இரத்தத்தில் கொழுப்பும் ஈரலின் நிலையும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று. இந்த மருந்து எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் பெண் கருத்தரிக்கவே கூடாது. கருவில் இருக்கும் குழந்தைக்கு மிகக் கடுமையான ஊனம் உண்டாகும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு அவசர அவசரமாகப் பரு போக வேண்டும் என்று தோழி கொடுத்த கேப்சூலை விழுங்க வைக்காதீர்கள். இந்த மருந்தில் இருப்பவர்கள், ஆணோ பெண்ணோ, நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை இரத்த தானமும் செய்யக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, தாடையில் முடி வளர்கிறது, இருபத்தைந்து வயது தாண்டியும் தாடையோரத்தில் பரு நிற்கவில்லை என்றால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வேர் ஹார்மோனில் இருக்கிறது. முகத்துக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பயன்?

அன்றாடப் பராமரிப்பு என்று தலைப்பில் இருக்கிறது. அதற்குப் பத்துப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, வியர்த்தால் இன்னொரு முறை மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். எண்ணெய் முகத்துக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். மருந்தால் வறளும் தோல் மருந்தைத் தாங்குவதற்கு அது வேண்டும். பகலில் எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன். மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று இதமாக இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. மேகத்தையும் தாண்டிப் புற ஊதாக்கதிர் வரத்தான் செய்கிறது. நம் நிறத்துத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து நிற்பதற்கு அந்த வெயிலே பெரிய காரணம். பலருக்குப் பருவைவிட அந்தக் கறைதான் அதிக வேதனை.

வேதனை என்ற சொல்லை யோசித்தே சொல்கிறேன். பருவால் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார மறுத்த பிள்ளைகளை அறிவேன். குடும்பப் படம் எடுக்கும்போது பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களை அறிவேன். “கல்யாணம் ஆனால் சரியாயிடும்” என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. நீங்கள் தள்ளிப்போடும் அந்த ஐந்தாறு ஆண்டில்தான் குழிகள் விழுகின்றன. பருவை ஆற்ற மருந்து இருக்கிறது. விழுந்த குழியை முழுதாக நிரப்ப இன்னும் வழி கிடைக்கவில்லை. நம் ஊரில் கே.ஆர். ஆஸ்பத்திரியிலும் ஜே.எஸ்.எஸ். ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. முதல் குழி விழுவதற்கு முன்பே வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் குளியலறை அலமாரியையும் பிள்ளைகளின் கைப்பையையும் திறந்து, முகத்துக்குப் பூசும் எல்லா டியூபையும் எடுத்துப் பேர் படியுங்கள். நான் சொன்ன பேர்களில் ஒன்று இருந்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் பூசியிருந்தால், பயந்துபோய் அதே இரவில் குப்பையில் போட்டுவிட வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் முகம் பொங்கும், பயத்தில் மறுபடி கடைக்கு ஓடுவீர்கள். அந்த டியூபையும் அதன் அட்டைப்பெட்டியையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு நாள் பூசினோம், எங்கே வாங்கினோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாக அதை விடுவிக்க எங்களுக்குத் தெரியும். மாதங்கள் ஆகும், ஆனாலும் பெரும்பாலான முகங்கள் தேறிவிடுகின்றன.